ஆறு கார், ஒரு யானை, எண்பது ரயில்: புகாட்டி ராயல் பற்றி ஒரு சண்டை

பழைய கியர்:

ரோல்ஸ் ராய்ஸ் இழையில் சுப்பு அண்ணன் போகிற போக்கில் ஒரு வரி போட்டுவிட்டுப் போயிருந்தார். "புகாட்டி ராயலா? இருபத்தஞ்சு கட்டறேன்னு கிளம்பி மூணே மூணு வித்த வண்டி. வெத்து வேட்டு." அங்கேயே பதில் எழுதினால் அந்த இழை திசை மாறிவிடும். அதனால் இங்கே தனியாகத் திறக்கிறேன்.

அவர் சொன்ன கணக்கு சரிதான், ஒத்துக்கொள்கிறேன். 25 கட்டுவதாகத் திட்டம். கட்டியது ஏழு. வெளி ஆளுக்கு விற்றது மூன்று. இன்றைக்கு உலகத்தில் இருப்பது ஆறு. "வெத்து வேட்டு" என்ற வார்த்தையில்தான் எனக்குச் சண்டை.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் முன்கதை. எத்தோரே புகாட்டி 1881-இல் மிலானில் பிறந்த இத்தாலியர். 1909-இல் அல்சாஸ் பகுதியில் மொல்ஷைம் என்ற சிற்றூரில் தொழிற்சாலை போட்டார். அப்போது அந்த ஊர் ஜெர்மனியில் இருந்தது. முதல் உலகப்போர் முடிந்ததும் ஊர் நகராமலே பிரான்ஸுக்குப் போய்விட்டது. அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தவை சின்னச் சின்ன, லேசான பந்தயக் கார்கள். அப்படிப்பட்ட மனுஷன் உலகத்திலேயே பெரிய காரைக் கட்டுகிறேன் என்று கிளம்பினார். ஓர் ஆங்கிலேயச் சீமாட்டி அவர் கார்களை ரோல்ஸ் ராய்ஸோடு ஒப்பிட்டு மட்டம் தட்டிப் பேசியதாகவும், அந்த ரோஷத்தில் பிறந்ததுதான் ராயல் என்றும் ஒரு கதை உண்டு. ரோஷமோ ஆசையோ, 1926-இல் முதல் வண்டி சாலைக்கு வந்துவிட்டது. தொழிற்சாலைக் கணக்கில் அதன் பெயர் டைப் 41.

அளவை நம்ம ஊர் வண்டிகளை வைத்துச் சொன்னால்தான் உறைக்கும். எஞ்சின் 12.7 லிட்டர், வரிசையாக எட்டு சிலிண்டர். ஒரு சிலிண்டருக்குக் கிட்டத்தட்ட 1,595 சிசி. மாருதி 800-இன் முழு எஞ்சின் 796 சிசி. அதாவது ராயலின் ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் இரண்டு மாருதி. மொத்தம் பதினாறு மாருதியை வரிசையாகக் கட்டி இழுப்பது மாதிரி. நீளம் 6.4 மீட்டர். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே மட்டும் 4.3 மீட்டர், அந்த இடைவெளியில் ஓர் அம்பாசிடரைப் பக்கவாட்டில் நிறுத்தினால் மூக்கும் வாலும் சரியாக நிற்கும். எடை மூன்று டன்னுக்கு மேல்.

இதை ஒருத்தர் கட்டி ஓட்டியும் காட்டியிருக்கிறார். அதைப் போய்...

சுப்பு_73:

தம்பி, வம்புக்கு இழுக்கிறீர்கள். சரி, வருகிறேன்.

நான் வண்டியைக் குறை சொல்லவில்லை, வியாபாரத்தைச் சொன்னேன். சேஸிக்கு மட்டும் 30,000 டாலர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் விலை. அதே காலத்தில் அமெரிக்காவில் டியூசன்பெர்க் மாடல் ஜே சேஸி 8,500 டாலருக்குக் கிடைத்தது. அதுவே அன்றைக்குப் பெரிய பணக்காரர்கள் மட்டும் தொடக்கூடிய விலை. இதில் சேஸி வாங்கி, கரூருக்கு பஸ் சேஸியை அனுப்பி பாடி கட்டுவது போல, வேறொரு பட்டறையில் கொடுத்து மேல் கூட்டைத் தனியாகக் கட்டிக்கொள்ள வேண்டும். அதற்குத் தனிச் செலவு. பணம் இருந்தாலும் இந்த யானையைக் கட்டித் தீனி போட யாரால் முடியும்?

இன்னொன்று. முதல் வண்டி ஓடியது 1926-இல். முதல் வண்டி விற்றது எப்போது? 1932 ஏப்ரலில். நடுவில் 1929 வந்து பங்குச் சந்தை படுத்துவிட்டது. ஆறு வருஷம் சரக்கைக் கடையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தவரை என்ன சொல்வது?

பட்டறைக்காரர்:

கோயம்புத்தூரிலிருந்து. முப்பது வருஷமாக எஞ்சின் வேலை. வியாபாரம் எனக்குத் தெரியாது, எஞ்சினைப் பற்றி ஒரு விஷயம் சொல்கிறேன்.

நம் பட்டறைக்கு வரும் எந்த எஞ்சினிலும் ஹெட் (வால்வுகள் இருக்கும் மேல் மூடி) தனி, பிளாக் (சிலிண்டர்கள் இருக்கும் உடல்) தனி. நடுவில் கசியாமல் அடைக்கும் கேஸ்கெட். வால்வு கிரைண்டிங் என்றால் ஹெட்டை இறக்கு, வால்வைத் தேய், ஏற்று. சாயங்காலத்துக்குள் வண்டி வெளியே. புகாட்டி அப்படிச் செய்யவில்லை. ஹெட்டும் பிளாக்கும் ஒரே வார்ப்பு. ஹெட் கேஸ்கெட் என்ற சனியனே கிடையாது, அது ஊதிப்போகும் பேச்சும் இல்லை. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் வால்வைத் தொட வேண்டும் என்றால் கீழேயிருந்துதான் வர வேண்டும். பிஸ்டன்கள் சுற்றவைக்கும் தண்டான கிராங்கைக் கழற்றி, பிஸ்டன்களை உருவி, சிலிண்டருக்குள் கையை விட்டு வால்வை எடுக்க வேண்டும். எஞ்சின் நீளம் சுமார் 1.4 மீட்டர், உயரம் 1.1 மீட்டர். அந்தக் கிராங்கைத் தூக்க எத்தனை ஆள் வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். அந்தக் காலத்துப் பெட்ரோலுக்கும் வால்வு உலோகத்துக்கும் இந்த வேலை அடிக்கடி வரும், வருஷக்கணக்கில் தள்ளிப்போட முடியாது.

ஒரு சிலிண்டருக்கு மூன்று வால்வு, இரண்டு உள்ளே விட, ஒன்று வெளியே தள்ள. வால்வுகளைத் திறக்க மேலே ஒற்றை கேம்ஷாஃப்ட். இத்தனை பெரிய எஞ்சினுக்கு ஒரே ஒரு கார்புரேட்டர். கியர்பாக்ஸ் எஞ்சினை ஒட்டி இல்லை, பின் அச்சோடு சேர்ந்து இருக்கிறது. மூன்று கியர்தான். முதல் கியர் கிளம்புவதற்கும் செங்குத்தான மேட்டுக்கும். இரண்டாவது நேர் கியர், ஊருக்குள்ளும் வெளியிலும் அதுவே போதும். மூன்றாவது நீண்ட சாலையில் எஞ்சினை ஓய்வாக ஓட விட. நிமிஷத்துக்கு 1,700 சுற்றிலேயே 275-இலிருந்து 300 குதிரைத்திறன் வரை வந்துவிடும். இன்றைய கார் சும்மா நிற்கும்போது சுற்றுவதைவிட இரண்டு மடங்கு, அவ்வளவுதான். அதனால்தான் அந்த எஞ்சின் தேயாமல் நின்றது.

பிரேக் கேபிள் பிரேக். சர்வோ கிடையாது. மூன்று டன்னைக் காலால் மிதித்து நிறுத்த வேண்டும். ஓட்டுநருக்கு நல்ல சாப்பாடு போட்டிருப்பார்கள் என்று நம்புகிறேன்.

பழைய கியர்:

@பட்டறைக்காரர் அண்ணே, இதற்காகத்தான் இந்த இழையைத் திறந்தேன். இந்த எஞ்சின் காருக்காகவே பிறந்ததல்ல. பிரெஞ்சு விமான அமைச்சகத்துக்காக வரைந்த விமான எஞ்சின் வடிவமைப்பிலிருந்து வந்தது. விமானமாக அது வரவில்லை. முதல் வண்டியில் இன்னும் பெரியது, ஏறத்தாழ 14.7 லிட்டர். அப்புறம் ஸ்ட்ரோக்கை, அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் தூரத்தை, குறைத்து 12.7 ஆக்கினார்கள்.

களிமண்:

நான் சிற்பம் படிப்பவள். கார் ஓட்டக்கூடத் தெரியாது. அந்த யானைக்காக வந்தேன்.

ரேடியேட்டர் மூடியின் மேல் பின்னங்காலில் எழுந்து நின்று துதிக்கையைத் தூக்கும் யானை. அதைச் செய்தவர் எத்தோரேயின் தம்பி ரெம்ப்ராண்ட் புகாட்டி. அப்பா கார்லோ மரச்சாமான் வடிவமைப்பாளர், இந்தப் பிள்ளைக்கு வைத்த பெயரே ஓவியரின் பெயர். ரெம்ப்ராண்ட் விலங்குகளை மட்டுமே விடாமல் செய்தவர் என்று சொல்லலாம். ஆண்ட்வெர்ப் விலங்குக்காட்சி சாலையில் நாள் கணக்காக நின்று, கூண்டின் எதிரிலேயே பிசைந்து பிசைந்து செய்வார். வெண்கலத்தில் வார்த்த பிறகும் விரல் பதிந்த தடம் அப்படியே இருக்கும். வழவழப்பாகத் தேய்த்துவிட மாட்டார்.

முதல் உலகப்போர் வந்தபோது அந்த விலங்குகளில் பலவற்றைக் கொன்றுவிட்டார்கள். 1916 ஜனவரியில் பாரிஸில் அவர் தற்கொலை செய்துகொண்டார். வயது 31. பத்து வருஷம் கழித்து அண்ணன் தன் மிகப் பெரிய காரின் நெற்றியில் தம்பியின் யானையை வைத்தார். இத்தனைக்கும் புகாட்டிக்குப் பிடித்த விலங்கு குதிரை. தொழிற்சாலையில் குதிரை லாயமே வைத்திருந்தார், ரேடியேட்டரே குதிரை லாட வடிவம்தான். ஆனால் மேலே நிற்பது யானை.

இது தெரிந்தபின் அந்தக் காரை வெறும் பணக்காரத் திமிர் என்று என்னால் பார்க்க முடியவில்லை, சுப்பு சார்.

சுப்பு_73:

அம்மா, யானைக்கு நான் எதிரி இல்லை. அந்த விவரம் எனக்குப் புதிது. நன்றி.

சந்தேகப் பிராணி:

இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். இந்தக் காரைப் பற்றி இணையத்தில் கிடைப்பதில் பாதி கட்டுக்கதை. கொஞ்சம் சலித்துப் பார்ப்போம்.

அல்பேனிய மன்னர் ஸோக் கார் கேட்டார், அவர் சாப்பிடும் லட்சணம் பிடிக்காமல் புகாட்டி விற்க மறுத்தார் என்பார்கள். கேட்கச் சுவையாக இருக்கிறது. வாங்க ஆளில்லாமல் தவித்தவர் வந்த ராஜாவைத் திருப்பி அனுப்பினார் என்றால் எனக்கு இறங்கவில்லை. ஸ்பெயின் மன்னர் பதின்மூன்றாம் அல்போன்சோ கதையில் உண்மை இருக்கிறது. "இந்த வருஷம் ஸ்பெயின் மன்னர் ராயலைப் பெறுவார்" என்று 1928-இல் புகாட்டியே சொல்லிக்கொண்டிருந்தார். 1931-இல் அந்த மன்னரின் பதவியே போய்விட்டது. ராயல் என்று பெயர் வைத்த காரை ஒரு ராஜாவும் வாங்கவில்லை, அது உண்மை.

ஒரு ராயலை ஜெர்மானியர் கையில் சிக்காமல் பாரிஸ் சாக்கடைச் சுரங்கத்தில் ஒளித்து வைத்தார்கள் என்றும் ஒரு கதை. 6.4 மீட்டர் நீளம், மூன்று டன். எந்தச் சந்து வழியாக இறக்கினார்களாம்? நம்பத் தகுந்தது வேறொன்று. புகாட்டி குடும்பத்திடமே மிச்சமிருந்த மூன்று கார்களை பாரிஸுக்கு வடக்கே எர்மனோன்வில்லில் உள்ள அவர்களுடைய வீட்டில் வைத்துச் சுவர் எழுப்பி மூடிவிட்டார்கள். போர் முடிந்தபின் சுவரை உடைத்து எடுத்தார்கள்.

அப்புறம், ஏழா ஆறா என்ற சண்டை. கட்டியது ஏழு என்று எண்ணுவதும் சரி, ஆறு சேஸி எண்கள் என்று எண்ணுவதும் சரி. முதல் மாதிரி வண்டிக்கு அமெரிக்க பேக்கார்டு காரின் பாடியைத்தான் தூக்கி வைத்திருந்தார்கள், சிரிக்காதீர்கள். அப்புறம் பாடியை மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். பாரிஸிலிருந்து ஊர் திரும்பும்போது எத்தோரேயே ஓட்டிவந்து, சக்கரத்தின் பின்னால் கண் அசந்து, வண்டி நொறுங்கியது. அதே 41100 என்ற சேஸி எண்ணில் புதிதாகக் கட்டியதுதான் கூப்பே நெப்போலியன். அதை அவர் விற்கவே இல்லை, தனக்கே வைத்துக்கொண்டார்.

பழைய கியர்:

அந்தக் கூப்பே நெப்போலியனை வரைந்தது மகன் ஜான் புகாட்டி. அப்போது இருபதைத் தாண்டிச் சில வருஷம்தான். முதலில் விற்ற காரின் பாடியும் அவர் கைவண்ணம். வாங்கியவர் ஆர்மாண் எஸ்தர் என்ற ஆயத்த ஆடைத் தயாரிப்பாளர். இரவில் கார் ஓட்டும் பழக்கம் எனக்கு இல்லை, முகப்பு விளக்கு வேண்டாம் என்றுவிட்டார். 1932-இல் வெளியே வந்த அந்தத் திறந்த ரோட்ஸ்டருக்கு விளக்கே இல்லை. விளக்கு இல்லாததால் முன் மட்கார்டு இரண்டும் தடையில்லாமல் வழிந்து ஓடும். கார் வரலாற்றில் அதைவிட அழகான முன்பக்கம் எனக்குத் தெரியாது.

அடுத்து வாங்கியவர் அதைப் பிரித்து, ஆன்ரி பிந்தேர் பட்டறையில் கொடுத்து, மூடிய பாடி போட்டுவிட்டார். நல்ல பட்டுப்புடவையைக் கிழித்துத் தலையணை உறை தைத்த மாதிரி.

சந்தேகப் பிராணி:

அந்த பிந்தேர் பாடியும் மோசம் இல்லை, மிகைப்படுத்தாதீர்கள். அந்தக் காரைத்தான் 1999-இல் ஃபோக்ஸ்வாகன் வாங்கியது.

சுப்பு_73:

மற்ற இரண்டு வாடிக்கையாளர்கள்?

பழைய கியர்:

இரண்டாவது ஆள் ஜெர்மன் மருத்துவர் யோசப் ஃபூக்ஸ், பிரசவம் பார்க்கிறவர். மியூனிக்கில் லுட்விக் வைன்பெர்கரிடம் கொடுத்து கறுப்பும் மஞ்சளுமாக ஒரு திறந்த வண்டி கட்டிக்கொண்டார். 1932 மே மாதம் கைக்கு வந்தது. மூன்றாவது ஆள் கேப்டன் கத்பர்ட் ஃபாஸ்டர் என்ற ஆங்கிலேயர். 1933-இல் வாங்கி பார்க் வார்டு பட்டறையில் நெட்டுக்குத்தான ஒரு லிமோசின் பாடி போட்டார். அதைப் பற்றிப் பேச ஒன்றும் இல்லை, ஒரு பெரிய அலமாரிக்குச் சக்கரம் மாட்டியது போல் இருக்கும்.

ஃபூக்ஸின் கார்தான் பெரிய கதை. ஜெர்மனியில் நிலைமை கெட்டுப்போனதும் அவர் நாட்டை விட்டு வெளியேறினார். அங்கே இங்கே சுற்றி 1937 வாக்கில் நியூயார்க் சேர்ந்தார், காரும் கூடவே. ஒரு குளிர்காலத்தில் ரேடியேட்டர் நீர் உறைந்து பிளாக் வெடித்துவிட்டது.

பட்டறைக்காரர்:

அய்யோ. ஹெட்டோடு ஒரே வார்ப்பு. அவ்வளவுதான், முடிந்தது.

பழைய கியர்:

முடிந்தது என்றுதான் அவர்களும் நினைத்தார்கள். கார் பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டது. அதை அங்கே கண்டுபிடித்தவர் சார்லஸ் செய்ன், ஜெனரல் மோட்டார்ஸ் பொறியாளர், பின்னாளில் அங்கே பொறியியல் துணைத் தலைவர். 400 டாலர் கொடுத்து வாங்கினார். நானூறு! பிளாக்கைச் சரிசெய்து, ஒற்றைக் கார்புரேட்டரை எடுத்துவிட்டு நான்கு போட்டு, வெள்ளையும் பச்சையுமாக வண்ணம் மாற்றி ஓட வைத்தார். 1950-களின் பிற்பகுதியில் ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டார், இன்றும் அங்கே இருக்கிறது. ஜெனரல் மோட்டார்ஸ்காரர் ஃபோர்டு பெயர் போட்ட இடத்துக்குக் கொடுத்தார் என்பதைக் கவனியுங்கள்.

இன்னொரு கணக்கு. சுவருக்குப் பின்னால் இருந்த மூன்றில் இரண்டை 1950-இல் பந்தய ஓட்டுநர் பிரிக்ஸ் கன்னிங்காம் வாங்கினார். பிராங்குகளாகக் கொஞ்சம் பணம், கூடவே இரண்டு புது ஜெனரல் எலெக்ட்ரிக் ஃப்ரிட்ஜ்கள். போர் முடிந்த பிரான்ஸில் ஃப்ரிட்ஜ் கிடைக்காது. அந்த இரண்டில் ஒன்று, கெல்னர் பட்டறை பாடி போட்டது, 1987-இல் லண்டன் ராயல் ஆல்பர்ட் அரங்கில் கிறிஸ்டீஸ் ஏலத்தில் 55 லட்சம் பவுண்டுக்குப் போனது. அன்றைக்கு எந்தக் காரும் தொடாத விலை.

சுப்பு_73:

யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்று சொல்ல வருகிறீர்கள். ஆனால் தம்பி, அந்தப் பொன் புகாட்டி கைக்கு வரவில்லையே. அவர் 1947 ஆகஸ்டில் இறந்துபோனார். ஜான் அதற்கு முன்பே, 1939-இல், சோதனை ஓட்டத்தில் ஒரு சைக்கிள்காரர் குறுக்கே வந்து, அவரைத் தவிர்க்கப் போய் மரத்தில் மோதி முப்பது வயதில் போய்விட்டார். ஏலம் போட்டு லாபம் பார்த்தவர்கள் வேறு யாரோ. அதிலும் எல்லாருக்கும் லாபம் இல்லை. இன்னொரு ராயலை டோமினோஸ் பீட்சா நிறுவனர் டாம் மோனகன் 81 லட்சம் டாலருக்கு வாங்கி, 1991-இல் வாங்கியதைவிடக் கொஞ்சம் குறைத்துத்தான் விற்றார்.

என் கேள்வி எளிது. கட்டினவருக்கு என்ன கிடைத்தது?

ரயில்பிரியன்:

இத்தனை நேரம் காரைப் பற்றிப் பேசிக்கொண்டு, பதிலைத் தொடாமலே சுற்றுகிறீர்கள். வழி விடுங்கள்.

காருக்காகச் செய்த எஞ்சின்கள் இருபதுக்கு மேல் மொல்ஷைமில் தூங்கின. 1930-களின் தொடக்கத்தில் பிரெஞ்சு ரயில் கம்பெனிகளுக்கு வேறொரு தலைவலி. நீராவி எஞ்சின் பூட்டிய கனமான ரயிலைக் குறைந்த பயணிகளுக்காக ஓட்டினால் கட்டுப்படியாகவில்லை. லேசான, வேகமான, தானே ஓடும் பெட்டி வேண்டும். புகாட்டி அந்த இடத்தில் நுழைந்தார். ராயல் எஞ்சினைச் சுமார் 200 குதிரைத்திறனுக்கு மட்டுப்படுத்தி, ஒரு பெட்டிக்கு நான்கு போட்டார். 800 குதிரைத்திறன். சின்ன வகைக்கு இரண்டு.

பெட்டியின் இரண்டு முனையும் காற்றைக் கிழிக்கும் சாய்வு மூக்கு. ஓட்டுநர் முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. பெட்டியின் நட்ட நடுவில், கூரைக்கு மேல் துருத்திய ஒரு சின்னக் கூண்டில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் பார்ப்பார். ஊர் போய்ச் சேர்ந்தால் எஞ்சினைத் திருப்ப வேண்டியதில்லை, அவர் திரும்பி உட்கார்ந்தால் போதும்.

தொழிற்சாலைக்குள் தண்டவாளம் கிடையாது. முதல் பெட்டி தயாரானதும் சாலையில் தண்டவாளத் துண்டுகளைப் போட்டு, ஆட்கள் கையால் தள்ளியே மொல்ஷைம் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார்கள். தேர் இழுக்கும் கூட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள், இழுப்பதற்குப் பதில் தள்ளுகிறார்கள், அவ்வளவுதான். தேர் முட்டுக்கட்டை மாதிரி தண்டவாளத் துண்டைப் பின்னாலிருந்து எடுத்து முன்னால் போட்டுக்கொண்டே போக வேண்டும்.

1933-இல் பாரிஸிலிருந்து கடற்கரை ஊரான தோவில்லுக்கு ஓடத் தொடங்கியது. அதே வருஷம் குடியரசுத் தலைவர் அல்பேர் லெப்ரன் இதில் ஏறி ஷெர்பூர் போனார். அதிலிருந்து நான்கு எஞ்சின் வகைக்கே "பிரெசிடென்சியல்" என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. ஒரு பெட்டி 70 கிலோமீட்டர் தூரத்துக்குச் சராசரி 196 கிலோமீட்டர் வேகத்தில் ஓடிச் சாதனை படைத்தது. 1930-களில்!

எண்பது பெட்டிகளை ஒட்டிக் கட்டினார்கள். தூங்கிய எஞ்சின்கள் தீர்ந்துபோய், ரயிலுக்காகவே புதிதாக 150-க்கு மேல் வார்க்க வேண்டியிருந்தது. கார் விற்கவில்லை என்று மூட வேண்டிய தொழிற்சாலைக்குச் சோறு போட்டது இதுதான். 1950-களின் இரண்டாம் பாதி வரை ஓடியது. டீசல் ரயில்கள் மலிவாக ஓடத் தொடங்கியதும் பெட்ரோல் குடிக்கும் இதற்கு இடம் இல்லாமல் போனது.

சுப்பு_73:

இது எனக்குத் தெரியாது. ரயிலில் எஞ்சின் போட்டது தெரியும், இத்தனை என்று தெரியாது.

சரி, "வெத்து வேட்டு" என்ற வார்த்தையை வாபஸ் வாங்குகிறேன். "மூணு கார்" என்பதை வாபஸ் வாங்க மாட்டேன்.

சந்தேகப் பிராணி:

ஒரு குறிப்பு சேர்க்கிறேன். ரயில் காசு கொடுத்தது, நிம்மதி கொடுத்ததா என்றால் இல்லை. ரயிலுக்காக ஆட்களை நிறையச் சேர்த்தார்கள். 1936-இல் பிரான்ஸ் முழுக்க வேலைநிறுத்தம் பரவியபோது மொல்ஷைமிலும் தொழிலாளர்கள் தொழிற்சாலைக்குள் உட்கார்ந்துவிட்டார்கள். பண்ணையார் மாதிரி இருந்து பழகிய எத்தோரேக்கு அது தாங்கவில்லை. தொழிற்சாலையை மகன் பொறுப்பில் விட்டுவிட்டு பாரிஸுக்குப் போய்விட்டார்.

பட்டறைக்காரர்:

ரயிலில் போட்ட எஞ்சினுக்கும் வால்வு வேலை அதே மாதிரிதானே? கிராங்கை இறக்கித்தான் செய்தார்களா? ரயில்வே பட்டறை ஆட்கள் என்ன திட்டு திட்டியிருப்பார்கள்!

ரயில்பிரியன்:

அதே பிளாக்தான் அண்ணே. திட்டியது பிரெஞ்சில் இருந்திருக்கும்.

ரைன்கரையான்:

வணக்கம், ஸ்ட்ராஸ்பூர்க்கில் இருந்து எழுதுகிறேன். சொந்த ஊர் பருத்தித்துறை, இங்கே வந்து இருபத்திரண்டு வருஷம். மொல்ஷைம் எங்களுக்குக் கிட்டடி, அரை மணித்தியாலம்கூட இல்லை. இந்த இழையை வாசித்துவிட்டுப் போன ஞாயிறு மகளையும் கூட்டிக்கொண்டு முலூஸுக்கு ரயில் எடுத்தேன். இங்கே "ருவாயால்" என்றால்தான் விளங்கும், "ராயல்" என்று கேட்டுப்போட்டு முழித்துக்கொண்டு நின்றேன்.

முலூஸ் கார் அருங்காட்சியகம் ஒரு பழைய நூற்பாலை. ஷ்லும்ப் சகோதரர்கள் என்று இரண்டு துணி ஆலை முதலாளிகள் களவாகச் சேர்த்தது போலச் சத்தமில்லாமல் நூற்றுக்கணக்கான கார்களைச் சேர்த்து வைத்திருந்தவை. 1977-இல் ஆலை நொடித்து, சம்பளம் இல்லாத தொழிலாளர்கள் உள்ளே புகுந்தபோதுதான் வெளியுலகத்துக்கே தெரிந்ததாம். சகோதரர்கள் சுவிஸுக்கு ஓடிவிட்டார்கள். உள்ளே பாரிஸ் பாலத்து விளக்குக் கம்பங்களைப் பார்த்துச் செய்த கம்பங்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன, கார்கள் அதன் கீழே தெருவில் நிற்பது போல.

கூப்பே நெப்போலியன் கறுப்பும் கடும் நீலமும். படத்தில் பார்த்து அளவு விளங்காது. பக்கத்தில் போய் நின்றால் சக்கரம் என் இடுப்பைத் தாண்டுகிறது. சாரதிக்குக் கூரை இல்லை, மழையில் நனைய வேண்டியதுதான். முதலாளி பின்னால் கண்ணாடிக்குள் சாய்ந்து இருப்பார். பக்கத்தில் ஃபாஸ்டரின் லிமோசின். பழைய கியர் தம்பி அலமாரி என்று எழுதியது சரி, ஆனால் நேரில் பார்த்தால் அதிலும் ஒரு கம்பீரம் இருக்கிறது. எஸ்தர் காரின் மறுபடைப்பும் இருக்கிறது, பச்சை நிறம், விளக்கு இல்லாத முகம். ஷ்லும்ப் தொடக்கிவைத்த வேலை. அது முழுக்க அசல் இல்லை என்று தெரிந்தும் நான் அதில்தான் கனநேரம் நின்றேன்.

களிமண் தங்கச்சிக்காக யானையை வடிவாகப் பார்த்தேன். கயிற்றுக்கு அங்கால்தான் விடுகிறார்கள். ஆனாலும் தெரிகிறது, உடம்பு வழவழப்பாக இல்லை. விரலால் அமத்திய மேடு பள்ளம் முதுகில் இருக்கிறது.

பின்னேரம் அதே ஊரில் ரயில் அருங்காட்சியகத்துக்குப் போனோம். அங்கே புகாட்டி ரயில்பெட்டி ஒன்று நிற்கிறது. கூரைக்கு மேலே அந்தச் சாரதிக் கூண்டு, ரயில்பிரியன் சொன்ன மாதிரியே. காரில் யானையைப் பார்த்த மகள் ரயிலின் முன்பக்கத்துக்குப் போனாள், பிறகு சுற்றிப் பின்பக்கத்துக்குப் போனாள். திரும்பி வந்து, "அப்பா, இதிலே யானையைக் கழட்டிப்போட்டினம்" என்றாள்.

களிமண்:

அண்ணா, யானையின் முதுகை எடுத்த படம் இருந்தால் போடுங்களேன். பக்கவாட்டிலிருந்து.

பட்டறைக்காரர்:

எஞ்சினைத் திறந்து வைத்திருந்தார்களா? அந்தப் படம் இருந்தால் முதலில் அதைப் போடுங்கள்.

ரைன்கரையான்:

முதுகு இருக்கிறது, இரவு ஏற்றுகிறேன். பொனெட் பூட்டித்தான் இருந்தது அண்ணை.